அடிக்கும் அடிக்கும் நடுவே: தப்பு, ராக், நம் இடம்



தஞ்சைப் பெரிய கோயிலில் உள்ள ராஜராஜன் காலத்துக் கல்வெட்டு ஒன்று நானூறு தளிச்சேரிப் பெண்டுகளை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் குறிக்கிறது. யார் எந்த வீட்டில் இருந்தார், எந்த ஊரிலிருந்து வந்தார் என்பதுவரை அதில் உண்டு. அதே கோயிலின் வேறு கல்வெட்டுகளில் நாமும் வருகிறோம். ஆனால் ஆளாக அல்ல, இடமாக. வரி நீக்கிய நிலங்களின் பட்டியலில் 'பறைச்சேரி' என்றும் 'தீண்டாச்சேரி' என்றும் வருகிறோம். சோழர் காலத்தில் சுடுகாடுகூடத் தனித்தனிதான். ஆயிரம் ஆண்டுக்கு முன்பே நமக்கு முகவரி எழுதிவிட்டார்கள். பெயரைத்தான் எழுதவில்லை.

அப்படிப் பெயர் எழுதப்படாமல் போன தப்பிசைக் கலைஞர்களின் நினைவுக்காகத்தான் நாம் இங்கே கூடியிருக்கிறோம். நினைவேந்தல் என்றால் புகழுரை சொல்லிக் கலைவது அல்ல. அவர்கள் விட்டுச்சென்ற கேள்வியை எடுத்துப் பேசுவதுதான் அவர்களுக்கு மரியாதை.

கேள்வி இதுதான். இன்று நம் பிள்ளைகள் தப்பையும் கிதாரையும் டிரம்செட்டையும் ஒரே மேடையில் வைத்து வாசிக்கிறார்கள். நாட்டார் ராக் என்கிறார்கள், மக்களிசை என்கிறார்கள். மகிழ்ச்சி. ஆனால் தப்பு அந்த மேடைக்குப் போகும்போது எதை எடுத்துக்கொண்டு போகிறது? எதை வாசலில் விட்டுவிட்டுப் போகிறது?

குரூவ் எங்கே இருக்கிறது?

ராக் இசைக்காரர்கள் 'குரூவ்' என்று ஒரு சொல்லை அடிக்கடி சொல்வார்கள். இசைத்தட்டில் ஊசி ஓடும் பள்ளத்துக்குத்தான் அந்தப் பெயர். ஜாஸ் கலைஞர்களின் பேச்சில் அது வேறு பொருள் பெற்றது. ஊசி பள்ளத்தில் விழுந்து ஓடுவதைப் போல, வாசிக்கிறவர்கள் எல்லாரும் ஒரே ஓட்டத்தில் விழுந்துவிட்ட நிலை அது. கேட்பவரின் கால் அவரைக் கேளாமலே அசையும். நம் ஆட்கள் இதையே "அடி கூடிடுச்சு" என்பார்கள்.

தாளம் வேறு, குரூவ் வேறு. தாளம் என்பது கணக்கு. அதை எழுதிக் காட்டிவிடலாம். ஒரே தாளத்தை இரண்டு பேர் அடித்தால் ஒருவர் அடி நம்மை எழுப்பிவிடும், இன்னொருவர் அடி நம்மை உட்கார்ந்தே இருக்க விட்டுவிடும். வேறுபாடு அடியில் இல்லை. அடிக்கும் அடிக்கும் நடுவே விடப்படும் இடத்தில் இருக்கிறது.

தப்பை எடுத்துக்கொள்ளுங்கள். மரச் சட்டத் துண்டுகளை வளையமாக இணைத்து, புளியங்கொட்டைப் பசையால் தோலை ஒட்டிய ஒருமுகக் கருவி. வலக்கையில் அடிக்குச்சி, குட்டையும் தடிப்புமாக இருக்கும். இடக்கையில் சிண்டுக்குச்சி, நீளமும் மெலிவுமாக இருக்கும். அடிக்குச்சி கனத்த ஓசையை வைக்கிறது. சிண்டுக்குச்சி நடுவில் புகுந்து பேசுகிறது. கருவியைத் தாங்கிப் பிடிக்கும் கைதான் சிண்டையும் அடிக்கிறது. அதனால் சிண்டின் அடி ஒருபோதும் கடிகாரம்போல் விழாது. ஒரு மயிரிழை முந்தும், ஒரு மயிரிழை பிந்தும். அந்தப் பிந்தலில்தான் ஆட்டக்காரன் கால் தூக்குகிறான். ஆடுகிறவனின் காலைப் பார்த்து அடிக்கிறவனும், அடிக்கிறவனின் கையைப் பார்த்து ஆடுகிறவனும் ஒருவருக்கொருவர் இடம் விடுகிறார்கள்.

இன்னொன்று. நம் அடிகளில் பெரும்பாலானவை மூன்று மூன்றாகப் பிரிபவை. மாணவர்கள் இதை மேசையில் தட்டியே அறியலாம். ஒன்று முதல் ஆறு வரை சீராக எண்ணிக்கொண்டே இருங்கள். வலக்கை ஒன்றிலும் நான்கிலும் விழட்டும். இடக்கை ஒன்றிலும் மூன்றிலும் ஐந்திலும் விழட்டும். ஒரு கை ஆறை இரண்டாகப் பங்கிடுகிறது, மறு கை மூன்றாகப் பங்கிடுகிறது. இரண்டும் சரிதான். இரண்டும் ஒன்றையொன்று அழிக்காமல் ஒரே நேரத்தில் நடக்கின்றன. டப்பாங்குத்து என்று சினிமாக்காரர்கள் அழைக்கும் ஓட்டத்தின் உயிர் இந்த இழுபறியில் இருக்கிறது. இதை எந்த சபாவும் நமக்குக் கற்றுத் தரவில்லை.

ஊர் விட்ட இடைவெளி

இசையில் இடைவெளி சேர்த்துவைக்கிறது. ஊரில் இடைவெளி பிரித்துவைக்கிறது. தீண்டாமை என்பதே தூரத்தின் கணக்கு. எவ்வளவு தள்ளி நிற்க வேண்டும், எந்தத் தெருவரை வரலாம், எந்தத் திசையில் குடியிருக்கலாம் என்பதுதான் அதன் இலக்கணம். தப்புக்கும் அதே இலக்கணத்தை எழுதினார்கள். சாவு ஊர்வலத்துக்கு முன்னால் வரலாம். ஆனால் வீட்டுத் திண்ணையில் ஏறக் கூடாது. திருவிழாச் சேதியை ஊர் முழுக்கச் சொல்லலாம். ஆனால் தேர் நிற்கும் இடத்துக்கு அப்பால் நிற்க வேண்டும். ஓசை எல்லா வீட்டுக்குள்ளும் போகலாம், ஓசை எழுப்பியவர் போகக் கூடாது.

எப்போதும் இப்படி இருந்ததா? தொல்காப்பியம் ஒவ்வொரு திணைக்கும் உரிய கருப்பொருள்களில் பறையையும் சேர்க்கிறது. தெய்வம், உணவு, மரம், பறவை என்ற வரிசையில் ஒரு நிலத்தின் அடையாளமாக அது வருகிறது. புறநானூற்றில் மாங்குடி கிழார் சிறப்பித்துச் சொல்லும் நான்கு குடிகளில் துடியனும் பறையனும் உண்டு. பழம்பெருமை பேசுவதற்காக இதைச் சொல்லவில்லை. இழிவு என்பது தோலோடு பிறந்தது அல்ல, பின்னால் பூசப்பட்டது என்பதற்காகச் சொல்கிறோம்.

நம் காரைக்காலிலேயே அதற்குச் சான்று உண்டு. ஆண்டுதோறும் ஆனியில் மாங்கனித் திருவிழா நடத்தி நாம் கொண்டாடும் காரைக்கால் அம்மையார், பாடுவதற்குத் தேர்ந்த இடம் சுடுகாடு. அவரது திருவாலங்காட்டு மூத்த திருப்பதிகத்தில் பிணமும் பேயும் நரியும் நடுவே ஆடல் நடக்கிறது. அங்கேதான் அவர் பழந்தமிழ் இசையின் சுரப் பெயர்களையும் கருவிகளின் பெயர்களையும் அடுக்குகிறார். மத்தளம் வருகிறது, தக்கை வருகிறது, குடமுழா வருகிறது, வீணையும் வருகிறது. தோல் கருவியும் நரம்புக் கருவியும் ஒரே சுடலையில் ஒரே கூத்துக்கு வாசிக்கின்றன. எது தீட்டு, எது தூய்மை என்ற பங்கீடு அங்கே இல்லை. வணிகக் குடியில் பிறந்த பெண் ஒருத்தி சுடுகாட்டுக்குப் போய்ப் பாடினால் அது பக்தி. சுடுகாட்டுக்கு நாம் தப்பை எடுத்துப் போனால் அது தீட்டு. அம்மையாருக்குத் தேர் இழுக்கும் ஊர் இந்தக் கணக்கை ஒருநாள் நேர் செய்தாக வேண்டும்.

பிரெஞ்சுக்காரர்கள் 1739இல் காரைக்காலைக் கைப்பற்றினார்கள். அவர்களோடு இந்தக் கரைக்கு வந்த மொழியில் 'பரியா' என்ற சொல் உண்டு. ஒதுக்கப்பட்டவன் என்று பொருள். பறையிலிருந்து போன சொல் அது. 1791இல் பெர்னார்தென் த சேன் பியேர் ஒரு பரியாவைக் கதைநாயகனாக வைத்துக் கதை எழுதினார். 1821இல் கசிமீர் தெலவீஞ் 'பரியா' என்றே நாடகம் எழுதினார். ஒரு கருவியின் பெயர் ஐரோப்பிய மொழிகளில் ஒதுக்கப்பட்ட மனிதனின் பெயராயிற்று. கருவியை அவர்கள் கேட்கவில்லை, சொல்லை மட்டும் எடுத்துப் போனார்கள்.

கப்பலேறிய தப்பு

சொல் மட்டும் போகவில்லை. ஆட்களும் போனார்கள். 1848இல் பிரெஞ்சுக் குடியேற்றங்களில் அடிமை முறை ஒழிந்ததும் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழர்களைக் கப்பலேற்றிய துறைமுகங்களில் புதுச்சேரியும் காரைக்காலும் முக்கியமானவை. ரீயூனியனுக்கும் மார்த்தினிக்குக்கும் குவாதலூப்புக்கும் போனார்கள். டெல்டாவின் நிலமற்ற மக்கள் அதில் நிறைய. 1882இல் ஆங்கில அரசு ரீயூனியனுக்கு ஆள் அனுப்புவதை நிறுத்தும்வரை அந்தப் போக்கு நீடித்தது.

அவர்களின் வழிவந்தோரை ரீயூனியனில் 'மலபார்' என்று அழைக்கிறார்கள். தீமிதிக்கு முன்னால் நெருப்பு மூட்டி மேளத்தின் தோலைக் காய்ச்சுகிறார்கள். அங்கும் அது ஒருமுகத் தோல், இரண்டு குச்சி. 'தப்பு' என்ற பெயர்கூட நாக்குத் திரிந்து 'தப்பூ' என்று வாழ்கிறது. 'சத்தி' என்றொரு கருவியும் உண்டு, நம் சட்டிதான். மொழி மறந்துபோன மூன்றாம் நான்காம் தலைமுறையிடமும் அடி மறக்கவில்லை. மொழி வாயில் இருந்தது, அடி உடம்பில் இருந்தது.

அதே தீவில் ஆப்பிரிக்க, மடகாஸ்கர் அடிமைகள் வளர்த்த இசை 'மலோயா'. அதுவும் மூன்று மூன்றாக ஓடுவது. தோட்டத்து உழைப்பாளிகளின் இசை என்பதாலும் கம்யூனிஸ்ட் கட்சிக் கூட்டங்களில் ஒலித்ததாலும் அதிகாரிகள் அதை நெடுங்காலம் அடக்கிவைத்தார்கள். 1970களில் ஃபிர்மேன் விரி போன்றவர்களின் இசைத்தட்டுகள் வெளிவந்தன. மின்கிதாரோடு மலோயாவைச் சேர்த்த இளைஞர்களும் அப்போதே தோன்றினார்கள். 1979இல் 'சிஸ்ககான்' என்ற குழு எழுந்தது. அதன் பாடகர் ழில்பேர் பூனியா இந்திய வழிவந்தவர். 1980களில்தான் தடைகள் விலகின. 2009இல் யுனெஸ்கோ மலோயாவை மனிதகுலத்தின் பண்பாட்டு மரபாக அறிவித்தது.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறோம்? நம் கரையிலிருந்து போன கூலிகளின் அடியும் அடிமைகளின் அடியும் ஒரே தோட்டத்தில் சந்தித்தன. அங்கே எழுந்த நாட்டார் ராக், இசை நிறுவனம் ஒன்று கூட்டிவைத்த கலவை அல்ல. ஒடுக்கப்பட்ட இரு சமூகங்கள் ஒன்றுக்கொன்று விட்டுக்கொடுத்த இடம் அது.

ராக்கின் அடி யாருடையது?

ராக் என்றதும் வெள்ளைக்காரன் இசை என்று நம்மில் சிலர் ஒதுங்குகிறார்கள். நம் இசையை அது தின்றுவிடும் என்று அஞ்சுகிறார்கள். அச்சத்தில் பாதி சரி. ஆனால் ராக்கின் முதுகெலும்பு வெள்ளைக்காரனுடையது அல்ல.

பிரெஞ்சுக்காரர்கள் காரைக்காலைப் பிடித்த அதே 1739இல், அமெரிக்காவின் தென் கரோலினாவில் ஸ்டோனோ ஆற்றங்கரையில் கறுப்பின அடிமைகள் கிளர்ந்தார்கள். மேளம் அடித்துக்கொண்டு நடந்தார்கள், வழியெல்லாம் ஆட்கள் சேர்ந்தார்கள். கிளர்ச்சியை ஒடுக்கிய கையோடு 1740இல் கொண்டுவந்த சட்டம் அடிமைகள் மேளம் வைத்திருப்பதைத் தடை செய்தது. மேளம் போனது. அடி போகவில்லை. கைதட்டலாகவும் தொடைதட்டலாகவும் கால் உதைப்பாகவும் அது மாறியது. நான்கு எண்ணிக்கையில் இரண்டிலும் நான்கிலும் அழுத்தம் வைக்கும் ராக்கின் அடி, கறுப்பினத் தேவாலயங்களின் கைதட்டலில் வளர்ந்தது.

ஜமைக்காவின் ரெகேயில் 'ஒன் டிராப்' என்றோர் அடி உண்டு. பாப் மார்லியின் குழுவில் கார்ல்டன் பேரட் வாசித்துப் புகழ்பெற்றது. முதல் எண்ணிக்கையை அதில் வெறுமையாக விட்டுவிடுவார்கள். எல்லாரும் ஓங்கி அடிக்கும் இடத்தில் அவர்கள் அடிப்பதில்லை. மூன்றாம் எண்ணிக்கையில்தான் அடி விழும். அந்த வெறுமையில் கேட்பவரின் உடம்பு தானே போய் விழுகிறது. எஜமானன் எண்ணும் 'ஒன்று' அங்கே செல்லாது.

மேற்கில் 1965இல் பாப் டிலன் மின்கிதாரோடு நியூபோர்ட் மேடை ஏறியபோது நாட்டார் இசை ஆர்வலர்கள் சினந்தார்கள். அங்கே வழக்கு மின்சாரம் குறித்தது. இங்கே வழக்கு தோல் குறித்தது. அதனால் அவர்களின் விவாதத்தை அப்படியே எடுத்துவந்து நாம் பேச முடியாது.

மறுப்பதா, மீட்பதா?

நம் இளைஞர்கள் நேராகவே கேட்கிறார்கள்: "சாவுக்கு அடிக்கப் போகக் கூடாதுன்னு நீங்கதாண்ணே சொல்றீங்க. மேடையில அடின்னும் நீங்கதான் சொல்றீங்க. எது சரி?"

நியாயமான கேள்வி. 1927இல் மகாடில் பாபாசாகேப், செத்த மாட்டின் கறியையும் இழிவு சுமத்தும் வழக்கங்களையும் கைவிடச் சொன்னார். அந்த வழியில் தமிழ்நாட்டுச் சேரிகள் பலவற்றில் தப்பைக் கீழே வைத்தார்கள். கட்டாயமாக அடித்த கை அடிக்க மறுத்தது. அதற்காக அடியும் வாங்கினார்கள். அந்த மறுப்பு கலையை மறுத்தது அல்ல, கட்டளையை மறுத்தது. சாதிக் கடமையாக அடிக்கும்வரை அந்த ஓசைக்கு நாம் உடைமையாளர் அல்ல.

இன்னொரு வழியும் நமக்குள் எழுந்தது. புதுச்சேரி அரசுக் கல்லூரிகளில் ஆசிரியராக இருந்த ராஜ் கௌதமன், 1993இல் 'தலித் பண்பாடு' நூலில், இழிவென்று ஒதுக்கப்பட்டவற்றையே எதிர்ப்பின் பண்பாடாக எடுத்து நிறுத்த வேண்டும் என்று வாதிட்டார். புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் நாடகம் கற்பித்த கே.ஏ. குணசேகரன் அதை மேடையில் செய்துகாட்டினார். 'தன்னானே' குழுவோடு ஊர் ஊராகப் போனார். நம் காரைக்காலுக்குத் தெற்கே, கீழ்வெண்மணியில், 1968 டிசம்பர் 25 அன்று 44 பேர் எரிக்கப்பட்டார்கள். அரைப்படி நெல் கூலி உயர்வு கேட்ட மக்கள். அந்தப் படுகொலையைக் குறித்து இன்குலாப் எழுதிய 'மனுசங்கடா' பாட்டை ஊரெங்கும் ஒலிக்கச் செய்தது குணசேகரனின் குரல். 2016இல் அவர் மறையும்வரை அந்தக் குரல் ஓயவில்லை. பெரிய வாத்தியக் கூட்டம் அந்தப் பாட்டுக்குத் தேவைப்படவில்லை. ஒரு கேள்விக்கும் அடுத்த கேள்விக்கும் நடுவே அவர் விட்ட மௌனம் போதுமானதாக இருந்தது.

இரண்டு வழியும் எதிரெதிர் என்று நாம் நினைக்கவில்லை. மறுக்கும் உரிமை இருந்தால்தான் மீட்பு மீட்பாகும். "இன்னிக்கு வரமாட்டோம்" என்று சொல்ல முடிகிற குழுவின் அடிதான் கலை. அதைச் சொல்ல முடியாத குழுவின் அடி, மேடை எவ்வளவு வெளிச்சமாக இருந்தாலும், வெட்டிமைதான்.

பெண்களின் இடத்தையும் இங்கே பேசியாக வேண்டும். டெல்டாவில் அடியின் ஓட்டத்தை உடம்பில் காத்தவர்கள் நடவுப் பெண்கள். குனிந்த முதுகோடு பின்னோக்கி நகரும்போது வரிசை கலையாமல் வைத்திருந்தது பாட்டு. ஒருத்தி எடுக்க மற்றவர்கள் வாங்கும்போது நடுவில் விழும் மூச்சுதான் நாற்றை ஊன்றும் நேரம். நடவு இயந்திரம் வந்தபின் அந்த வரிசையும் குறைந்து, பாட்டும் குறைகிறது. கும்மியின் கைதட்டும் ஒப்பாரியின் மூச்சும் அவர்களுடையவை. ஆனாலும் தப்பை அவர்கள் தொட விடவில்லை. அதைச் செய்தது நம் ஆண்கள், ஊர்க்காரர்கள் மட்டும் அல்ல. திண்டுக்கல் சக்தி கலைக்குழுவின் பெண்கள் பறையை எடுத்து ஆடியபோது அந்தத் தடை உடைந்தது. இன்று பல ஊர்களில் பெண்கள் அடிக்கிறார்கள். நம் ஊரிலும் அந்த எண்ணிக்கை கூட வேண்டும்.

மேடையில் நடப்பது

2018 ஜனவரி 6 அன்று சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' முதன்முறையாக மேடை ஏறியது. இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய குழு. அயோத்திதாசப் பண்டிதரின் 'சாதிபேதமற்ற' என்ற சொல்லாட்சியிலிருந்து பெயர் பெற்றது. வடசென்னைக் கானா, சட்டி, கட்டமோளம், பறை, தவில் ஒரு பக்கம். கிதாரும் டிரம்செட்டும் மறு பக்கம். இடஒதுக்கீட்டையும் மாட்டுக்கறியையும் பாடினார்கள். மார்கழி என்றால் சபா என்றிருந்த நகரத்தில் மார்கழியிலேயே வந்து நின்றார்கள். பின்னர் 'மார்கழியில் மக்களிசை' என்று அது ஆண்டு விழாவாகவும் வளர்ந்தது. அந்தக் குழுவின் கானாப் பாடகி இசைவாணி 2020இல் பிபிசியின் நூறு பெண்கள் பட்டியலில் இடம்பெற்றார். 2025இல் அலங்காநல்லூர் பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. இவை நம் வெற்றிகள்தான்.

வெற்றிக்குப் பின்னால் நடப்பதையும் பார்க்க வேண்டும். இந்த மேடைகளின் வரவேற்பைக் கண்டு இன்று கல்லூரி விழா முதல் திருமண மண்டபம் வரை எல்லா இசைக்குழுவும் தப்பைச் சேர்த்துக்கொள்கிறது. அங்கே என்ன நடக்கிறது? முதலில், கிளிக் எனப்படும் எண்ணிக்கை ஒலியைக் காதில் மாட்டிவிட்டு அதற்கு அடிக்கச் சொல்கிறார்கள். பதிவான பிறகு கணினியில் ஒவ்வோர் அடியையும் கோட்டில் இழுத்து நிறுத்துகிறார்கள். நாம் சொன்ன மயிரிழைப் பிந்தல் அங்கே 'பிழை' என்று திருத்தப்படுகிறது. ஆடுகிறவன் கால் தூக்கிய இடம் காணாமல் போகிறது.

அடுத்தது ஒலிக்கலவை. கிக் டிரம்மும் பேஸ் கிதாரும் கீழ் ஓசை முழுவதையும் அடைத்துக்கொள்கின்றன. அடிக்குச்சி எழுப்பும் கனத்த ஓசை அதில் மூழ்கிவிடும். மிஞ்சுவது சிண்டின் கூர்மை மட்டும். பேசும் கருவி, பாட்டின் நடுவில் எட்டு எண்ணிக்கைக்கு மட்டும் வந்துபோகும் மசாலாவாகச் சுருங்குகிறது. சேரிக்கு ஊரின் ஓரத்தில் இடம் தந்தவர்கள், தப்புக்குப் பாட்டின் ஓரத்தில் இடம் தருகிறார்கள்.

நம் கடற்கரை ஈரத்தில் மாலை ஆனாலே தோல் இறங்கிவிடும். வைக்கோல் நெருப்பில் காய்ச்ச வேண்டும். பல மேடைகளில் அதற்கு நேரம் கிடையாது, நெருப்புக்கு இடமும் கிடையாது. செயற்கைத் தோல் பூட்டிய பறையைக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். கிதாருக்குச் சுருதி சேர்க்க ஐந்து நிமிடம் காத்திருக்கும் அவை, தப்பைக் காய்ச்சக் காத்திருக்க மறுக்கிறது. இதுவும் தூரத்தின் கணக்குதான். இந்த முறை நிமிடங்களில் அளக்கிறார்கள்.

பெயரும் இருக்கிறது. 2021இல் வந்த 'எஞ்சாயி எஞ்சாமி' உலகெங்கும் ஒலித்தது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த தம் பாட்டி வள்ளியம்மாளின் நினைவிலிருந்து அறிவு எழுதிப் பாடியது. அதே ஆண்டு ரோலிங் ஸ்டோன் இந்தியா இதழின் அட்டையில் அறிவின் படம் இல்லை. பா. இரஞ்சித் உள்ளிட்ட பலர் கேள்வி எழுப்பிய பிறகு அவருக்கென இணைய அட்டை ஒன்று வந்தது. யார் உள்நோக்கம் என்ன என்று நாம் இங்கே தீர்ப்புச் சொல்லவில்லை. உலகப் புகழ்பெற்ற பாட்டிலேயே பெயருக்காகக் குரல் எழுப்ப வேண்டியிருந்தது என்றால், காரைக்கால் பகுதியின் கிராமத்து மேடையில் அடிக்கும் பையன் பெயரை யார் எழுதப் போகிறார்கள்? தளிச்சேரிக் கல்வெட்டுக்கும் பறைச்சேரிக் கல்வெட்டுக்கும் இருந்த வேறுபாடு, இன்று சுவரொட்டியில் பாடகர் பெயருக்கும் 'குழுவினர்' என்ற சொல்லுக்கும் இருக்கிறது.

நாம் செய்ய வேண்டியது

ராக்கை விட்டு விலகச் சொல்லவில்லை. மேடையை நம் விதியில் கேட்கச் சொல்கிறோம். தப்பை நடுவில் வைத்துப் பாட்டு கட்டுங்கள். டிரம்செட் தப்பைப் பின்தொடரட்டும். ஒத்திகையில் கிளிக்கைக் கழற்றிவையுங்கள். ஆடுகிற ஒருவரை எதிரே நிறுத்தி அவர் காலுக்கு அடியுங்கள். பேஸ் கிதார் வாசிக்கும் தோழரிடம், எந்த இடத்தில் வாசிக்கக் கூடாது என்பதையும் பேசி முடிவு செய்யுங்கள். காய்ச்சும் நேரத்தை நிகழ்ச்சி நிரலிலேயே எழுதுங்கள். கூலி, பயணம், சாப்பாடு, சுவரொட்டியில் ஒவ்வொருவர் பெயர் என எல்லாவற்றையும் ஒப்புக்கொள்ளும் முன் எழுத்தில் வாங்குங்கள். மற்ற கலைஞர்கள் உட்காரும் அறையில் நமக்கும் நாற்காலி இருக்கிறதா என்று பாருங்கள்.

சமூகவியல், தமிழ், இசை படிக்கும் மாணவர்களுக்குத் தனியாக ஒரு வேண்டுகோள். திருநள்ளாறு, நெடுங்காடு, கோட்டுச்சேரி, நிரவி, திருமலைராயன்பட்டினம் என்று நம் கொம்யூன்களில் எத்தனையோ பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஒத்தையடி, மருளடி, சாமிச்சாட்டு அடி என்று தென்மாவட்டத்து அடிகளின் பெயர்கள் நூல்களில் ஏறியிருக்கின்றன. நம் கடற்கரையின் அடிகளுக்கு என்ன பெயர்? யார் யாரிடம் கற்றார்கள்? அவர்களின் ஆசான் யார்? கைபேசியை எடுத்துக்கொண்டு போய்ப் பதிவு செய்யுங்கள். ஓசையை மட்டும் பதிவு செய்துவிட்டு வந்துவிடாதீர்கள். அடித்தவரின் முழுப்பெயரையும் அவருக்குக் கற்றுக்கொடுத்தவரின் பெயரையும் அவர் வாயாலேயே சொல்லச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். பேரப்பிள்ளைகள் அவற்றைக் கேட்க வேண்டும்.

சாதி நமக்கு விட்ட இடைவெளியை நாம் தேர்ந்தெடுக்கவில்லை. நம் முன்னோர் அடிக்கும் அடிக்கும் நடுவே விட்ட இடைவெளி அவர்கள் தேர்ந்தெடுத்தது. முன்னதை ஒழிக்கவும் பின்னதைக் காக்கவும் வேண்டிய வேலை ஒன்றுதான், இரண்டு அல்ல. பிறருக்கு இடம் விடத் தெரிந்த இசையை உருவாக்கிய மக்களுக்கு இந்த ஊரில் இடம் இல்லை என்ற நிலை மாறும்வரை நாம் அடிப்போம். அடிக்க மறுக்க வேண்டிய இடத்தில் மறுப்போம்.

ஜெய் பீம்.